தொலைக்கணிப்பொறியும் தமிழெழுத்தும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

தொலைவில் உள்ளாரோடு தொடர்பு கொள்ளுதல் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தூதினை ஆட்சிக்கலையின் ஒரு கூறாகக் கருதி, அதற்கெனத் தனியோர் அதிகாரமே வகுத்தது திருக்குறள். பறவையையும் காற்றையும் முகிலையும் தூதாக விடுத்துப் பாடும் இலக்கிய வகையும் தமிழில் தழைத்தது. ஆயின், தூது என்பது செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அவ்வளவே. இங்கிருந்துகொண்டே, நூறு கல் தொலைவில் நிற்கும் ஒரு பொறியை இயக்கி, அதனைக் கணக்கிடச் செய்து, விடையை இங்கேயே பெறுதல் தூதினும் வேறானது. தூதில் செய்தி செல்கிறது. இதிலோ ஏவல் செல்கிறது. செய்தியைப் பெற்ற மாந்தன் எண்ணிப் பார்த்துச் செய்வான். ஏவலைப் பெற்ற பொறியோ சொன்னதைச் சொன்னபடியே செய்யும்.

ஆகலின் மூன்று வினாக்கள் எழுகின்றன. அப்பொறியை அடையும் வழி யாது? வாயிலில் வந்து நிற்பவர் இன்னார் என அப்பொறி அறிவது எவ்வாறு? அவ்வாயிலில் எந்த எழுத்து நுழைய இசைவு பெறும்? முதல் இரண்டு வினாக்களுக்கும் அறிவியலார் தக்க விடை கண்டுவிட்டனர். மூன்றாம் வினாவுக்குரிய விடை இன்னும் முழுமை பெறவில்லை. தமிழர் கருத்தூன்ற வேண்டியது அம்மூன்றாம் வினாவிலேயே. அதனை அறியவேண்டுமாயின் முதல் இரண்டனையும் முறையாக அறிதல் வேண்டும்.

சமையலறை மேசையில் பிறந்த பொறி

1937ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பணியாற்றிய சார்ச்சு சுடிபிட்சு என்னும் கணக்கறிஞர், தொலைபேசி நிலையங்களில் பயன்படும் இரிலே என்னும் மின்தொடுப்பிகள் சிலவற்றை வீட்டுக்கு எடுத்து வந்தார். சமையலறை மேசையின்மேல் அவற்றைப் பரப்பி, சிறு விளக்குகளையும் தகரக் குவளையிலிருந்து வெட்டிய தகட்டுத் துண்டுகளையும் சேர்த்து, 0, 1 என்னும் இரண்டே குறிகளைக் கொண்டு கூட்டல் செய்யும் ஒரு கருவியை அமைத்தார். அச்சிறு கருவியின் வளர்ச்சியே பின்னர் நியூயார்க்கு நகரில் அவ்வாய்வகம் அமைத்த பெருங்கணக்கிடு பொறி.

1940 செப்தம்பர் 11ஆம் நாள், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே, ஆனோவர் என்னும் ஊரில் உள்ள தார்த்துமத்துக் கல்லூரியில் அமெரிக்கக் கணக்கியல் கழகத்தார் கூடியிருந்தனர். சுடிபிட்சு தம் பொறியை அங்குக் கொண்டு செல்லவில்லை. கொண்டு செல்லத்தக்க பொறியும் அஃதன்று. தொலைத்தட்டச்சு ஒன்றை மட்டுமே அவையில் வைத்து, அதனைத் தொலைபேசிக் கம்பிவழி நியூயார்க்குப் பொறியோடு இணைத்தார். கணக்கு ஆனோவரில் தட்டப்பட்டது; நியூயார்க்கில் கணிக்கப்பட்டது; விடை ஆனோவரிலேயே தாளில் விழுந்தது. அவையில் இருந்த நார்பர்ட்டு வீனரும் சான் மாக்கிலியும் தாமே தட்டிப் பார்த்தனர். மாக்கிலி, பின்னாளில் எனியாக்கு என்னும் மின்னணுக் கணிப்பொறியை உருவாக்கிய இருவருள் ஒருவர். தொலைவில் உள்ள கணிப்பொறியை இயக்குதல் என்னும் செயல் அன்று தொடங்கிற்று. பொறி பெரியது, அரியது, அசையாதது. அதனை நாடுவோரோ பலர், பல ஊரினர். எனவே பொறியை மாந்தனிடம் கொண்டு வாராமல், மாந்தனின் விரலைப் பொறியிடம் நீட்டினார்கள். இச்செயல்முறையின் அடிப்படை இவ்வளவே.

ஒருபொறி, பலர் கை

ஒரு கிணற்றில் ஊரார் அனைவரும் நீர் எடுப்பர். ஒருவர் வாளியை இறைத்து ஊற்றும் பொழுதில் மற்றவர் தம் குடத்தை எடுத்து வைப்பார். பெருங்கணிப்பொறியையும் அவ்வாறே பலர்க்கும் பொதுவாக்கலாம் என்று 1959ஆம் ஆண்டு சான் மெக்கார்த்தி எடுத்துரைத்தார். மாந்தன் எண்ணித் தட்டும் இடைவெளியில் பொறி வேலையற்று நிற்கிறது. அவ்விடைவெளியைப் பிறர்க்குப் பகிர்ந்தளித்தால் ஒவ்வொருவர்க்கும் தனிப்பொறி இருப்பது போன்றே தோன்றும். இதுவே நேரப்பகிர்வு. 1961 நவம்பரில் மாசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் பெர்னாந்தோ கொர்பாட்டோ குழுவினர் இதனைச் செய்து காட்டினர்.

பலர் கைபட்ட இடத்தில் எனது, உனது என்னும் வேலி வேண்டியதாயிற்று. அக்குழுவினர் ஒவ்வொருவர்க்கும் ஒரு கடவுச்சொல் வகுத்தனர். ஆயின் அக்கடவுச்சொற்களைக் காத்த கோப்பே ஒருமுறை தவறுதலாக வெளிப்பட்டுவிட்டது. அறிவிப்புக் கோப்பும் கடவுச்சொற் கோப்பும் பொறிக்குள் இடம்மாறியமையால், அன்று பொறிக்குள் நுழைந்த ஒவ்வொருவர்க்கும் நாளறிவிப்புக்கு மாற்றாக அனைவருடைய கடவுச்சொல்லும் தோன்றிற்று. பூட்டு மட்டும் போதாது, திறவுகோலைக் காப்பதும் வேண்டும் என்னும் பாடம் தொடக்கத்திலேயே கற்பிக்கப்பட்டது.

1964 மே முதல் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு, அதே தார்த்துமத்துக் கல்லூரியில் சான் கெமெனி, தாமசு கர்ட்சு என்னும் பேராசிரியர் இருவர் அமைத்த நேரப்பகிர்வு அமைப்பு உயிர்பெற்றது. கணக்கியல் பயில்வோர்க்கு மட்டுமன்றி, இலக்கியமும் வரலாறும் பயில்வோர்க்கும் கணிப்பொறி கைவர வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. அதன்பொருட்டே பேசிக்கு என்னும் எளிய நிரல்மொழியையும் படைத்தனர். அணித்தே இருந்த உயர்நிலைப் பள்ளிகளுக்கும் தொலைபேசிக் கம்பிவழி முனையங்கள் வழங்கப்பட்டன. பெரும்பொருள் கொடுத்துப் பொறியை வாங்க இயலாத பள்ளிப் பிள்ளைகளும் அதனைத் தொட்டுப் பயின்றனர். தொலைத்தொடர்பின் அறம் இது என்க. இல்லாதவர்க்கும் எட்டச் செய்தல்.

ஒலியாக மாறிய எண்

தொலைபேசிக் கம்பி மாந்தர் குரலுக்கென அமைந்தது. நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே அது செவ்வையாகக் கடத்தும். கணிப்பொறியோ 0, 1 என்னும் இரு குறிகளையன்றிப் பிறிதொன்றும் அறியாதது. அத்தகைய ஒற்றைக் குறியைத் துண்மி என்பர். துண்மியை ஒலியாகவும் ஒலியை மீண்டும் துண்மியாகவும் மாற்றி, இரண்டற்கும் இணக்கம் செய்யும் கருவியே இணக்கி. மோடம் எனப் பலரும் வழங்குவது இதனையே.

1962ஆம் ஆண்டு வெளிவந்த பெல் 103 என்னும் இணக்கியை எடுத்துக்காட்டாகக் கொள்வோர்க்கு இதன் செயற்பாடு எளிதில் விளங்கும். அழைப்பவர் பக்கத்துக் கருவி 0 என்பதற்கு 1,070 அதிர்வுடைய ஒலியையும், 1 என்பதற்கு 1,270 அதிர்வுடைய ஒலியையும் எழுப்பும். அழைக்கப்படுவோர் பக்கத்துக் கருவி 0 என்பதற்கு 2,025, 1 என்பதற்கு 2,225 என மேற்குரலில் விடையிறுக்கும். கீழ்க்குரலில் ஒருவரும் மேற்குரலில் ஒருவரும் ஒருங்கே பாடினும் இருவர் பாட்டும் தனித்தனியே கேட்பது போல, ஒரே கம்பியில் இருவழிச் செய்தியும் ஒருங்கே சென்றது. விரைவு நொடிக்கு 300 துண்மி. ஓர் எழுத்துக்குத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் உட்படப் பத்துத் துண்மி என்று கொண்டால் நொடிக்கு 30 எழுத்து. கண் படிக்கும் விரைவுக்கு அது ஏறத்தாழப் போதுமானதாக இருந்தது.

இக்கருவியை எளிய மக்களிடம் சேர்த்த வரலாற்றில் காது கேளாதார்க்கு ஒரு பெரும்பங்குண்டு. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் தன் கம்பியில் பிறர் கருவியை மின்வழி இணைக்க அந்நாளில் இசைவு தரவில்லை. இராபர்ட்டு வைட்பிரெக்டு என்னும் இயற்பியலறிஞர் பிறவியிலேயே செவிப்புலன் இழந்தவர். கம்பியைத் தொடாமலே, தொலைபேசியின் கைப்பிடியை ஒரு தொட்டிலில் படுக்கவைத்து, ஒலி வாயிலாகவே தொலைத்தட்டச்சுகளை இணைக்கும் ஒலிப்பிணைப்பியை அவர் 1964ஆம் ஆண்டு உருவாக்கினார். செவிப்புலன் இழந்த பல் மருத்துவர் சேம்சு மார்சுட்டர்சும் அவரும் அதன்வழித் தட்டச்சால் உரையாடினர். குரலுக்கென அமைந்த கம்பியில், குரல் கேளாத இருவர் எழுத்தை ஏற்றி வென்றனர். 1968ஆம் ஆண்டு அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் கார்ட்டர்போன் வழக்கில் அளித்த தீர்ப்பு, பிறர் கருவிகளையும் பிணைக்கும் உரிமைக்கு வழிவகுத்தது. கம்பி எவருடையதாயினும், அதில் பேசும் உரிமை பேசுவோருடையது என்பது அன்று நிலைபெற்றது. தமிழர் இந்நிகழ்ச்சியை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும். இவ்வுரையின் இறுதியில் இது மீண்டும் வரும்.

இரண்டெழுத்தில் தொடங்கிய பிணையம்

ஒரு கம்பி ஒரு பொறிக்கே வழி. 1966ஆம் ஆண்டு அமெரிக்கப் படைத்துறைத் தலைமையகத்தில் இராபர்ட்டு தெய்லர் என்பாரின் அறையில் மூன்று முனையங்கள் இருந்தன. மூன்றும் மூன்று ஊர்ப் பொறிகளுக்கு உரியன. ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு ஏவல்முறை. ஒன்றை விட்டு மற்றொன்றோடு உரையாட இருக்கையினின்று எழுந்து செல்ல வேண்டியிருந்தது. ஒரு முனையம் இருந்தால் எப்பொறிக்கும் செல்ல வேண்டாவா என்னும் அவர் எண்ணமே ஆர்ப்பாநெட்டு என்னும் பிணையத்துக்கு வித்து.

அப்பிணையம் செய்தியைச் சிறுசிறு பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பொதியின்மேலும் சேரிடம் பொறித்து அனுப்பும் முறையைக் கைக்கொண்டது. ஓர் அழைப்புக்கு ஒரு கம்பியை முழுமையாக ஒதுக்கும் தொலைபேசி முறையினும் இது சிக்கனமானது. பாதை அனைவர்க்கும் பொது. வண்டிகள் தத்தம் ஊர்க்குச் செல்லும்.

1969 அக்தோபர் 29ஆம் நாள் இரவு பத்தரை மணி. இலாசு ஏஞ்சலிசு நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இலியோனார்டு கிளைன்ராக்கின் ஆய்வுக்கூடத்தினின்று சார்லி கிளைன் என்னும் மாணவர், மென்லோபார்க்கில் உள்ள சுடான்போர்டு ஆய்வு நிலையத்துப் பொறிக்குள் நுழைய முயன்றார். நுழைவதற்கு உரிய ஆங்கிலச் சொல்லின் ஐந்தெழுத்தில் முதல் எழுத்தைத் தட்டினார். கிடைத்தது என்றனர் அங்கிருந்தோர். இரண்டாம் எழுத்தைத் தட்டினார்; கிடைத்தது என்றனர். மூன்றாம் எழுத்தின்போது அங்கிருந்த பொறி நிலைகுலைந்து நின்றுவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பிழை திருத்தப்பட்டு முழுமையான நுழைவு கைகூடிற்று. இன்று உலகைப் பிணித்துள்ள இணையத்தின் முதற்பேச்சு, ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்குள் நுழையும் முயற்சியே! அவ்வாண்டு முடிவதற்குள் நான்கு நிலையங்கள் இணைந்தன.

நடுவூர் மொழி

பத்து வகை முனையங்களும் பத்து வகைப் பொறிகளும் இருப்பின், ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு இணக்க நூறு ஏற்பாடு வேண்டும். அனைவரும் ஒரு பொதுமுறையை நடுவே கொண்டு, ஒவ்வொருவரும் தம் முறையை அதற்கு மட்டும் மாற்றினால் இருபது ஏற்பாடு போதும். இப்பொதுமுறையே தெல்நெட்டு. 1969ஆம் ஆண்டு தொடங்கிய இதன் முயற்சி, 1983 மே திங்களில் சான் பாசுடல், சாய்சு இரெய்னால்ட்சு ஆகியோர் வெளியிட்ட நெறிமுறையால் நிலைபெற்றது. எங்கும் இல்லாத, ஆனால் எல்லாரும் ஒப்புக்கொண்ட கற்பனை முனையம் ஒன்றை அது வகுத்தது. நல்ல கருத்து, நயமான தீர்வு.

ஆயின், அந்நடுவூரில் வழங்கிய எழுத்து எது? ஆசுக்கீ என்னும் அமெரிக்கக் குறிமுறை. 1963ஆம் ஆண்டு வகுக்கப்பட்டு 1967இல் சிற்றெழுத்தும் சேர்க்கப்பட்ட அம்முறையில் ஓர் எழுத்துக்கு ஏழு துண்மி. ஆகவே இடங்கள் 128. அவற்றுள் 33 பொறியை அடக்கி ஆளும் குறிகள். எஞ்சிய 95 இடங்களுள் ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்துமாக 52, எண்கள் 10, இடைவெளி உட்பட நிறுத்தற் குறி முதலியன 33. கணக்கு முடிந்தது. ஓரிடமும் மிச்சமில்லை. எட்டாம் துண்மியோ பிழை காண்பதற்குச் செலவாயிற்று. அன்றேல் வழியிலேயே கழிக்கப்பட்டது.

தமிழில் 247 எழுத்து உள்ளமையால் தமிழ் நுழையவில்லை என்று கூறுவாருளர். அது பிழை. உயிர், மெய், உயிர்மெய்க் குறிகள் எனப் பிரித்துவைத்தால் சில பத்து இடங்களில் தமிழ் அடங்கும் என்பதனைத் தமிழ்த் தட்டச்சுப்பொறி முன்னரே மெய்ப்பித்துவிட்டது. தமிழ் நுழையாமைக்குக் கரணியம் தமிழின் பெருக்கமன்று. முறையை வகுத்த அவையில் தமிழுக்கு ஓர் இருக்கை இல்லாமையே. வகுத்தோர் தம் தேவைக்கு வகுத்தனர். அவரைக் குறைகூறிப் பயனில்லை. தம் தேவையை எடுத்துரைக்க அங்குச் சென்றிலாதார் தம்மையே நொந்துகொள்ளுதல் வேண்டும்.

இதனால் விளைந்த இழப்பு சிறிதன்று. அக்கம்பிகளில் தமிழைச் செலுத்த விரும்பினோர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினர். வலி, வழி, வளி என்னும் மூன்று சொல்லும் ஒன்றாயின. நோவும் பாதையும் காற்றும் ஒரே உருவில் போயின. அறமும் அரமும் ஒன்றாயின. மனமும் மணமும் ஒன்றாயின. மறுபுறம், எட்டாம் துண்மியைக் கொண்டு மேல்நிலையில் உள்ள 128 இடங்களில் தமிழை அமைத்த எழுத்துருக்கள் தோன்றின. அவை ஒன்றற்கொன்று முரணின. ஒருவர் எழுதியது மற்றவர் பொறியில் குப்பையாயிற்று. எட்டாம் துண்மியைக் கழிக்கும் வழியில் அவ்வெழுத்துச் செல்லின், ஒவ்வொரு தமிழெழுத்தின் எண்ணிலும் 128 குறைந்து, ஏதோ ஓர் ஆங்கில எழுத்தாகவோ குறியாகவோ மாறி வந்து சேர்ந்தது. அனுப்பியது கடிதம், சேர்ந்தது சிதைவு.

தமிழகமும் பிற நாட்டுத் தமிழரும்

இந்தியாவில் 1986ஆம் ஆண்டு தொடங்கிய எர்நெட்டு என்னும் கல்வி ஆய்வுப் பிணையத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகசுட்டு 15ஆம் நாள் வி.எசு.என்.எல். நிறுவனத்தால் வழங்கப்பெற்றது. அந்நாளில் மாணவர் பலரும் பெற்றது எழுத்துவழி இணைப்பே. வீட்டுப் பொறி தொலைபேசியில் எண்ணைச் சுழற்றும். இணக்கி கீச்சிடும், உறுமும், பின் அமைதியாகும். அதன்பின் திரையில் தோன்றுவது வீட்டுப் பொறியன்று, நிறுவனத்தாரின் யூனிக்சுப் பொறி. மடலைப் படிப்பதும் எழுதுவதும் அங்கேயே. வீட்டுப் பொறி வெறும் முனையம். வீட்டிலிருந்தபடி சென்னை மாணவர் ஒருவர் செய்ததும், ஆனோவரில் 1940ஆம் ஆண்டு சுடிபிட்சு செய்ததும் கருத்தளவில் ஒன்றே.

அதே 1995ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழெழுத்தை ஏற்றும் பணியில் முன்நின்றார். இணையம் என்னும் அழகிய சொல்லை வழங்கியவர் அவர் என்பர். 1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு, தாம், தாப் என்னும் இரு குறிமுறைகளையும் பொது விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. சிதறிய தேரை ஒருங்கே இழுக்கும் முயற்சிகள் அவை.

இதற்கிடையில் உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறி 1991 அக்தோபரில் வெளிவந்தது. அதில் தமிழுக்கும் ஒரு தொகுதி உண்டு. ஆயினும் அத்தொகுதி, 1988ஆம் ஆண்டு இந்தியக் குறிமுறையான இசுக்கீயை ஒட்டி அமைந்தது. தமிழிலக்கணப்படி மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும். ஒருங்குறியிலோ அகரமேறிய மெய்யே முதல். அதன்மேல் புள்ளியிட்டு மெய் பெறப்படும். தாய் சேயிடம் பிறந்தாற்போன்ற அமைப்பு அது. இக்குறையை எண்ணியே தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியோடு, முழுவெழுத்துக்கும் தனியிடம் தரும் தேசு 16 என்னும் முறையையும் ஏற்றது. எனினும் உலகப் பொறிகள் அனைத்தும் ஏற்றுள்ளது ஒருங்குறியே. அதனைத் தமிழர் விட்டுவிடலாகாது.

ஒருங்குறியைப் பழைய கம்பிகளிலும் செல்லவிடும் வழியை 1992 செப்தம்பரில் கென் தாம்சன், இராபு பைக்கு என்னும் இருவர் கண்டனர். நியூசெர்சி மாநிலத்து உணவகம் ஒன்றில், மேசைமேல் விரிக்கும் தாளில் அவர்கள் அதனை வரைந்தனர். அவர்கள் பணியாற்றியதும் பெல் ஆய்வகமே. யூ.டி.எப். 8 என்பது அதன் பெயர். பழைய ஆசுக்கீ எழுத்து மாறாமல் நிற்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் எட்டுத் துண்மி கொண்ட மூன்று கூறுகளாகச் செல்லும். தமிழ் என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆகவே 15 கூறுகள். பெல் 103 இணக்கியில் அச்சொல் செல்ல அரை நொடி ஆகும். அதே ஐந்து குறிகள் ஆங்கில எழுத்தாயின் ஆறில் ஒரு நொடி. 1998ஆம் ஆண்டின் இணக்கிகள் நொடிக்கு 56,000 துண்மி வரை பெறவல்லன. அவ்விரைவில் இவ்வேறுபாடு கண்ணிமைப்பொழுதினும் குறைவு. தமிழ் இடமடைக்கும், தமிழ் காலந்தாழ்த்தும் என்னும் சாக்கு அன்றே செத்தது.

வாயிற் காவல்

தெல்நெட்டுக்கு மற்றுமொரு குறை உண்டு. நுழைவோர் தட்டும் கடவுச்சொல்லை அது மறைக்காமல் அவ்வாறே கொண்டுசெல்லும். வழியில் ஒட்டுக்கேட்போன் எளிதில் அறிவான். 1995ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிணையத்தில் இவ்வாறு கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அங்கிருந்த தாத்து உய்லோனென் என்பார் அதனால் உந்தப்பட்டு, அவ்வாண்டிலேயே எசு.எசு.எச்சு. என்னும் மறைவழி நுழைவுமுறையை ஆக்கி வெளியிட்டார். வழிப்போக்கர் காணினும் பொருள் விளங்காதவாறு அனைத்தையும் அது மறைத்துச் செலுத்தும்.

முன்பின் கண்டிராத இருவர், பலரும் கேட்க உரையாடியே பிறர் அறியா மறையெண்ணை உருவாக்கல் இயலுமா? இயலும். 1976ஆம் ஆண்டு திப்பி, எல்மன் என்னும் இருவர் வெளியிட்ட வழி அது. 2, 11 என்னும் எண்களை ஊரறியச் சொல்லிக்கொள்க. ஒருவர் 3 என்று நினைத்து, 2இன் மூன்றாம் படியாகிய 8ஐ அறிவிக்கிறார். மற்றவர் 4 என்று நினைத்து, 2இன் நான்காம் படியாகிய 16ஐ 11ஆல் வகுத்த மிச்சமாகிய 5ஐ அறிவிக்கிறார். முன்னவர் 5இன் மூன்றாம் படி 125ஐ 11ஆல் வகுக்க மிச்சம் 4. பின்னவர் 8இன் நான்காம் படி 4,096ஐ 11ஆல் வகுக்க மிச்சம் 4. இருவர்க்கும் ஒரே எண் கிடைத்தது. அந்த 4 கம்பியில் செல்லவேயில்லை! உண்மைப் பயன்பாட்டில் இவ்வெண்கள் நூற்றுக்கணக்கான இலக்கம் உடையன. ஆதலின் ஒட்டுக்கேட்போன் கண்டறிதல் அரிது. 2006ஆம் ஆண்டு பொது நெறிமுறையாக வெளியிடப்பெற்ற அதன் இரண்டாம் பதிப்பு இவ்வழியைக் கையாள்கிறது.

அந்நெறிமுறையில் தமிழர் அறியவேண்டிய வரி ஒன்றுண்டு. நுழைவோர் பெயர் ஒருங்குறியின் யூ.டி.எப். 8 வடிவில் செல்லும் என்று அது வகுத்துள்ளது. தெல்நெட்டு காலத்தில் மூடியிருந்த வாயில் நெறிமுறையளவில் திறந்துவிட்டது! தமிழ்ப் பெயரோடு ஒருவர் வந்தால் நெறிமுறை தடுப்பதில்லை.

எஞ்சிய பணி

ஆயின் உள்ளே நிற்கும் அமைப்புகள் பலவும், பயனர் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தாக இருத்தல் வேண்டும் என்றே பழைய வழக்கப்படி விதிக்கின்றன. கதவைத் திறந்துவிட்டுத் தாழ்வாரத்தில் தடுப்பது போன்றது இது. திரையிலும் ஒரு தடை உண்டு. 1978ஆம் ஆண்டு வெளிவந்த வி.டி. 100 முனையத்தில் ஒரு வரிக்கு 80 கட்டம். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. இன்றைய முனையச் செயலிகளும் அக்கட்ட முறையையே பின்பற்றுகின்றன. இகரத்தின் அகலமும் ஔகாரத்தின் அகலமும் ஒன்றல்ல. கொம்பு எழுத்துக்கு முன் நிற்கும். கால் பின் நிற்கும். ஆதலின் அச்செயலிகள் பலவற்றில் தமிழ் வரி உடைந்தும் மோதியும் தோன்றுகிறது.

பொறிக்கு ஏவலிடத் தமிழ் எதற்கு, ஆங்கிலம் போதாதோ என்று வினவுவார் தமிழரிலேயே உளர். அன்னார் ஒன்றை எண்ணிப் பார்க்க. பொறிக்கு ஆங்கிலமும் தெரியாது. 1969ஆம் ஆண்டு அவ்விரவில் கம்பியில் சென்றவை எழுத்துகளல்ல, துண்மிகள். இத்துண்மித் தொகை இவ்வெழுத்து என்று மாந்தர் கூடி ஒப்புக்கொண்டனர், அவ்வளவே. ஒப்பந்தத்தால் வந்ததனை ஒப்பந்தத்தால் விரிக்கலாம். ஆங்கிலத்தை வெறுக்க வேண்டுவதில்லை. அதனைக் கற்றுத்தான் இந்நெறிமுறைகளைப் படித்தல் இயலும். ஆனால் தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதித் தன் பொறிக்குள் நுழைய இயலாத நிலையை இயல்பு என்று கொள்வது அடிமைப் பழக்கம்.

செவிப்புலன் இழந்த வைட்பிரெக்டு, கம்பி தன்னைப் போன்றோர்க்கு அமையவில்லை என்று அழுதிருக்கவில்லை. சட்டம் தடுத்தது என்று சோர்ந்திருக்கவுமில்லை. கம்பியின் இயல்பை நுணுகி அறிந்தார். அதன்வழியே தம் எழுத்தை ஏற்றினார். தமிழர்க்கு வேண்டியதும் அவ்வறிவே, அவ்வூக்கமே. முழக்கம் மட்டும் ஒரு துண்மியையும் நகர்த்தாது.

செய்யத்தக்கவை இவை. முனையம், வழங்கி, நெறிமுறை, புகுபதிகை, கடவுச்சொல் என்னும் தமிழ்ச் சொற்களைப் பட்டியலில் உறங்கவிடாது வகுப்பறையில் வழங்குக. கோப்புகளுக்குத் தமிழில் பெயரிட்டுப் பழகுக. எங்கு உடைகிறதோ அதனைக் குறித்து, அச்செயலியை ஆக்கியோர்க்குச் சான்றோடு எழுதுக. முனையத்தில் தமிழ் செவ்வனே தோன்றும் வழியைக் கணிப்பொறி பயிலும் இளைஞர் தம் ஆய்வுப்பொருளாகக் கொள்க. எழுத்துக்குறி வகுக்கும் உலக அவைகளில் தமிழறிந்த பொறியியலாரும், பொறியறிந்த தமிழாசிரியரும் ஒருங்கே சென்று அமர்க. புதிய பொறியோடு முதன்முறை இணையும்போது அது காட்டும் அடையாளக் குறியைச் சரிபாராமல் ஆம் என்று தட்டாதிருக்கவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க. வாயிலில் நிற்பவரைப் பொறி ஐயுறுவது போலவே, பொறியையும் நுழைவோர் ஐயுறுதல் அறிவுடைமை.

முதல் இணையப் பேச்சு இரண்டெழுத்தோடு நின்றது. அன்று நின்றதைக் கண்டு அவர்கள் கலைந்து போகவில்லை, பிழையைத் தேடினர், ஒரு மணி நேரத்தில் மீண்டும் தட்டினர், நுழைந்தனர். தமிழும் வாயில்வரை வந்து நிற்கிறது. பிழை எங்குள்ளது என்பதும் தெரிந்துவிட்டது. திருத்த வேண்டிய கை தமிழர் கை.

வாழ்க தமிழ்!